வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஏர் பாக்ஸில் ஆயில்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நண்பர் ஒருவரின் பைக் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஆனால் இன்ஜின் பற்றவில்லை. ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியின் (அதுதான் ஏர் பாக்ஸ்) மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஆயில் வழிந்து அவர் கையெல்லாம் கறுப்பானது. பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "ரிங் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, வாயுவும் ஆயிலும் தாண்டாமல் தடுக்கும் வளையம். நண்பருக்கு முகமே வாடிவிட்டது.

கடைசியில் இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. ஒரு பெரிய சிரிஞ்ச், ஒரு முழம் டியூப், புது பிளக், புது ஏர் ஃபில்டர், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த வண்டி இன்றும் அதே ரிங்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஸ்டார்ட் ஆகாதது ஒரு கோளாறு, ஆயில் வருவது இன்னொரு கோளாறு என்று தனித்தனியாகப் பார்க்கிறோம். பல நேரம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதுவும் நாமே சரிசெய்யக்கூடிய சின்ன வேர். இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போவதற்கான வழி. பைக் வாங்கி முதல் தடவையாக ஸ்பேனர் எடுப்பவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

முதல் இரண்டு நிமிடம் எதையும் கழற்ற வேண்டாம். சிவப்பு நிற கில் சுவிட்ச் 'ஆஃப்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போதோ, யாராவது விளையாட்டாகத் தொட்டோ மாறியிருக்கும். இந்த ஒரு சுவிட்சுக்காக மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் நிறைய. அப்புறம் நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கி, கிளட்சை முழுதாகப் பிடித்து ஒரு தடவை முயலுங்கள். பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டிலும் கிளட்ச் லீவரிலும் சின்ன சுவிட்ச் உண்டு. அதில் சேறு ஏறினாலோ ஒயர் அறுந்தாலோ இன்ஜின் ஸ்டார்ட் ஆக விடாது.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? மீட்டரை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள், வண்டியை லேசாக ஆட்டினால் சத்தமும் கேட்கும். பெட்ரோல் காக் (டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) உள்ள வண்டி என்றால் அது 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். பெட்ரோல் குறைவாக இருந்தால் 'ரிசர்வ்' நிலைக்குத் திருப்புங்கள்.

வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வு சென்சார் இருக்கிறது. வண்டி படுத்தால் அது பம்பையும் ஸ்பார்க்கையும் நிறுத்திவிடும். வண்டியை நிமிர்த்திச் சாவியை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி உயிர் வரும். ஆனால் அதற்கு முன் ஆயில் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். விழுந்த வண்டியில் ஏர் பாக்ஸுக்குள் ஆயில் போயிருக்க வாய்ப்பு உண்டு.

பட்டனை அழுத்தினால் என்ன கேட்கிறது?

இனி காதுக்கு வேலை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது வரும் சத்தம் பாதி விடையைச் சொல்லிவிடும்.

டக் டக் டக் என்று வேகமாகத் துடித்து, விளக்கும் மங்கினால் பேட்டரி டவுன். உறுதி செய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் பரவாயில்லை. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இதோடு நிறுத்தாமல் செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பாருங்கள். 12.6 காட்டிய பேட்டரி அந்த நொடியில் 9.5-க்கும் கீழே சரிந்தால் சார்ஜ் இருந்தும் வலு இல்லை என்று அர்த்தம். அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

பேட்டரியை மாற்றுவதற்கு முன் அதன் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, காய்ந்தபின் இறுக்கிப் போடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். இந்த வரிசை முக்கியம். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பிரேமில் பட்டால் பெரிய பொறி பறக்கும். தளர்ந்த முனை, செத்த பேட்டரி மாதிரியே நடிக்கும்.

ஒரே ஒரு 'டக்', அதற்குப் பிறகு அமைதி என்றால், ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை அல்லது மோட்டார் சுற்ற முடியவில்லை. ஒயர் இணைப்பு, பேட்டரி, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டருக்குள் பெட்ரோலோ ஆயிலோ தேங்கி, பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டி நிற்கலாம். திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸைப் பாருங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். ஒயர் துண்டு, சிகரெட் காகிதம் இதெல்லாம் ஒயரிங்கையே எரித்துவிடும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் தேடத் தொடங்குங்கள், அங்கேதான் அதிகம் உரசும்.

செல்ஃபை ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் பத்துப் பதினைந்து நொடி விடுங்கள். மோட்டார் சூடாகும், பேட்டரியும் வீணாகும். காரிலிருந்து ஜம்ப் ஒயர் போடுவதானால் கார் இன்ஜின் ஆஃப் ஆகவே இருக்கட்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

இப்போதுதான் உண்மையான தேடல். இன்ஜின் பற்றுவதற்கு வேண்டியது காற்றோடு சரியாகக் கலந்த பெட்ரோல், நேரத்துக்கு ஒரு பொறி, அந்தக் கலவையை அழுத்தும் கம்ப்ரஷன். இதில் எது இல்லை என்று யோசித்துக்கொண்டே நிற்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், அது சொல்லும்.

பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண்ணும் சின்னக் கல்லும் கிடக்கும். முதலில் அதை ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் பிளக் வெளியே வரும்போது மண் உள்ளே விழும். இன்ஜின் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்கள், அலுமினிய மரை சூட்டில் எளிதில் கெட்டுவிடும். பிளக் கேப்பை ஒயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்து லேசாகத் திருகி எடுங்கள்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். நடுவில் உள்ள பீங்கான் வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரிப்பொடி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. அடைந்த ஏர் ஃபில்டர், மாட்டிக்கொண்ட சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) என்று தேடுங்கள். ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. கறுப்பாக, வழுவழுப்பாக, விரலில் தேய்த்தால் காயாமல் ஒட்டினால் அது ஆயில். நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகும் பிளக் எலும்பு மாதிரி காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பெட்ரோலில் ஈரமான பிளக், காய்ந்த பிளக், இந்த இரண்டும்தான் புதிதாகப் பழகுபவருக்கு மிகவும் உதவும். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்ற ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

ஈரமாக இருந்தால் பொறியைச் சோதியுங்கள். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பொறி பட்டால் பற்றும். துவாரத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். பிளக்கைக் கையாலும் பிடிக்காதீர்கள், அதில் வரும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். இப்படி உலோகத்தில் படாமல் (எர்த் இல்லாமல்) செல்ஃப் அடித்தாலும் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ எலக்ட்ரானிக் யூனிட்டோ கெடலாம். நிழலான இடத்தில் நின்று செல்ஃப் அடியுங்கள். நீலமாக, 'டிக் டிக்' என்று சத்தத்தோடு குதித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிதாக வந்தால் வலு இல்லை. முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள், பிறகு கேப், பிறகு காயில். விலை குறைவானதிலிருந்து மேலே போவதுதான் என் வழக்கம்.

பிளக் நல்லதாக இருந்து, பெட்ரோல் மட்டும் அதிகமாகித் தோய்ந்திருந்தால் அதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை முழுதாக எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி 5 நொடி செல்ஃப் அடியுங்கள். அதிகக் காற்று உள்ளே போய் மிச்ச பெட்ரோலை அடித்துக்கொண்டு போகும். பற்றியதும் ஆக்சிலேட்டரை உடனே விட்டுவிடுங்கள்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகள் விரலால்தான். விரலில் போகவில்லை என்றால் மரை தப்பி ஏறுகிறது, எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அடியில் உட்கார்ந்தபின் புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் அதில் பாதிக்கும் குறைவு.

பிளக் காய்ந்திருந்தால்

இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ஊம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்ச் பாருங்கள். இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தாலோ விட்டு விட்டு மின்னினாலோ கம்ப்யூட்டர் ஒரு பிழையைப் பதிவு செய்திருக்கிறது. மின்னும் எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்று அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் அடியில் உள்ள கிண்ணத்தில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதன் கீழே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடித்துத் திறந்தால் பெட்ரோல் வர வேண்டும். வந்த பெட்ரோலை ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாகத் திரண்டு நிற்பது தண்ணீர். எதுவுமே வரவில்லை என்றால் காக், ஃபில்டர், ஃப்ளோட் ஊசி (கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி) இதில் ஏதோ அடைப்பு. பெட்ரோல் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, அதுவும் வண்டி மாதக்கணக்கில் நின்றது என்றால், பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள திருகு) தான் முதல் சந்தேகம். அதன் துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி அதை மூடிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றில் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு சரி.

சோக் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த இன்ஜினில் சோக் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகினால் பல கார்புரேட்டர்களில் சோக்கின் பலனே போய்விடும். கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடும் என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைந்திருக்கிறது. அப்படி இல்லை என்றால், நின்ற அந்த நொடியிலேயே, சூடு ஆறும் முன், உள்ளே இருக்கும் பிளக்கைக் கழற்றாமல் கேப்பில் வேறு ஒரு பிளக்கை மாட்டிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் காயில்கள் உண்டு. ஆறிய பிறகு சோதித்தால் அவை பிடிபடாது.

பொறியும் பெட்ரோலும் சரி, இன்னும் பற்றவில்லை என்றால் கம்ப்ரஷன். பிளக் துவாரத்தில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து செல்ஃப் அடித்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் பிளக் துவாரம் வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம். இதில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருப்பது) மறக்காதீர்கள். வால்வு உட்காரும் இடம் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. வெளியே ஒரு சத்தமும் கேட்காது, காலையில் மட்டும் வண்டி அடம் பிடிக்கும். இன்ஜின் முழுதாக ஆறிய நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

சரி, ஏர் பாக்ஸுக்கு ஆயில் எப்படி வருகிறது?

நல்ல இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். அதோடு பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அடியில் உள்ள காற்றையும் தள்ளித் தள்ளி இழுக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் 350 சிசி இன்ஜின் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 350 சிசி இடம் கூடிக் குறைகிறது. 4,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு அறுபது தடவைக்கு மேல். இந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி இல்லை என்றால் ஆயில் சீல்களையே தள்ளிவிடும். அதனால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்தோ ஹெட் மூடியிலிருந்தோ ஒரு பிரீதர் டியூப்பை ஏர் பாக்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாயு அங்கே போய், திரும்ப இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும்.

அந்த வாயுவோடு ஆயில் பனியும் போகும். ஏர் பாக்ஸில் படிந்து, அடியில் உள்ள மூடிபோட்ட சின்ன டிரெயின் டியூப்பில் இறங்கும். ஆக, அந்த டியூப்பில் சில துளி, உள்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு இருப்பது நோய் இல்லை. சர்வீசுக்கு ஒருமுறை மூடியைப் பிடுங்கி வடித்துவிட வேண்டியதுதான். இப்படி ஒரு டியூப் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வடிக்காமல் விட்டால் டியூப் நிறைந்து, தேங்கிய ஆயில் ஃபில்டரை எட்டும்.

கவலைப்பட வேண்டியது ஃபில்டர் நனையும் அளவுக்கு வரும்போது. நனைந்த ஃபில்டரில் காற்றுப் போகாது, கலவையில் பெட்ரோல் மிஞ்சும், பிளக் கரியும் ஆயிலுமாக அப்பும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நண்பரின் வண்டியில் நடந்தது இந்தச் சங்கிலிதான்.

முதல் சந்தேகம் ஆயில் அளவு

ரிங்கை நினைப்பதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் அதிகமானால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கி, பிரீதர் வழியாக வெளியே தள்ளும். ஏர் பாக்ஸில் திடீரென்று நிறைய ஆயில் வர இதைவிடப் பொதுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

நண்பரின் வண்டியில் இன்ஜின் பக்கவாட்டில் வட்டமான கண்ணாடி இருந்தது. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். ஒரு நாள் பார்த்திருக்கிறார், ஆயிலின் விளிம்பு எதுவும் தெரியவில்லை, ஆயில் இல்லை என்று நினைத்து ஊற்றியிருக்கிறார். மறுபடி பார்த்தால் அதே மாதிரிதான் இருக்கிறது, மறுபடி ஊற்றியிருக்கிறார். கண்ணாடியின் விளிம்பையும் தாண்டி ஆயில் நிறைந்தால், புது ஆயில் தெளிவாக இருப்பதால், அது காலிக் கண்ணாடி போலவே தெரியும்! வண்டியை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால்தான் ஆயிலின் விளிம்பு கண்ணாடிக்குள் நகர்வது தெரியும். அவர் வண்டியை நன்றாகச் சாய்த்த பிறகுதான் அந்த விளிம்பு மெல்ல இறங்கி வந்தது. நானும் அவரும் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரியாக அளப்பது இப்படி. சமதரை. இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வண்டியை நேராக நிமிர்த்துங்கள், சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்ப்பது தப்பான அளவு காட்டும். டிப் ஸ்டிக் என்றால் துடைத்துவிட்டு விடுங்கள். பல வண்டிகளில் மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்குக் கையேட்டைக் கட்டாயம் பாருங்கள். ஆயிலுக்குத் தனி டேங்க் உள்ள டிரை சம்ப் வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். வண்டி நிற்கும்போது ஆயில் டேங்கிலிருந்து இன்ஜினுக்குள் இறங்கிவிடும், ஆறிய நிலையில் அளந்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் மிச்சம் எல்லாம் ஏர் பாக்ஸுக்குத்தான் போகும். ஓடிச் சூடான பிறகுதான் இவற்றில் அளக்க வேண்டும்.

அதிகமான ஆயிலை எடுக்க டிரெயின் போல்ட்டைத் திறக்க வேண்டியதில்லை. 100 மில்லி சிரிஞ்ச்சில் மெல்லிய டியூப்பை மாட்டி, ஆயில் ஊற்றும் துவாரம் வழியாக விட்டு உறிஞ்சுங்கள். 50 மில்லிக்கு ஒருமுறை அளவு பாருங்கள். உறிஞ்சியதை ஒரு பாட்டிலில் சேர்த்தால் எவ்வளவு அதிகம் இருந்தது என்றும் தெரிந்துவிடும்.

அளவு எடுக்கும்போதே ஆயிலை முகர்ந்து பாருங்கள். யாரும் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்து, பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர் மாதிரி ஓடினால், பெட்ரோல் உள்ளே கசிகிறது. கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி, காக், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேரிங்குக்குக் காப்பு இல்லை, சிலிண்டரிலும் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். கசிவை நிறுத்தி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும்.

பிரீதர் டியூப்பிலோ ஆயில் மூடிக்கு அடியிலோ வெளிர் மஞ்சளாக வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தால் அது ஆயிலோடு கலந்த தண்ணீர். தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுபவர்களுக்குக் குளிர்காலத்தில் இது வரும், இன்ஜின் சூடேறி ஈரம் ஆவியாவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் போய்விடும். ஆனால் டிப் ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு. ஹெட் கேஸ்கட் அல்லது வாட்டர் பம்ப் சீல், தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்னும் சில எளிய காரணங்கள். கீழே விழுந்த வண்டியில் ஆயில் பிரீதர் வழியாக நேரே ஏர் பாக்ஸுக்கு ஓடியிருக்கும், துடைத்துவிட்டால் போதும். துவைத்த ஃபோம் ஃபில்டரில் ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தால் அது வழிந்து தேங்கும். பிரீதர் டியூப் மடங்கியோ சகதி அடைத்தோ இருந்தால் அழுத்தம் சேர்ந்து, அவ்வப்போது ஆயிலைக் கக்கும்.

இது எல்லாம் சரியாக இருந்தும், அளவு நடுவில் வைத்தும் ஆயில் வந்துகொண்டே இருந்தால்தான் ரிங். அப்போது வேறு சாட்சிகளும் இருக்கும்: முறுக்கும்போது நீலப் புகை, ஆயில் குறைவது, முன்பு சொன்ன கம்ப்ரஷன் சோதனையில் ஆயில் விட்டதும் அளவு ஏறுவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் அது வால்வு சீல், அதற்கு ரிங்கைத் தொட வேண்டியதில்லை.

சிலர் பிரீதர் டியூப்பை ஏர் பாக்ஸிலிருந்து பிடுங்கிக் கீழே தொங்கவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஏர் பாக்ஸ் சுத்தமாகத் தெரியும், ஆனால் அந்த ஆயில் இப்போது பின் டயரில் சொட்டும். வளைவில் டயர் வழுக்கினால் அதற்கப்புறம் எதைச் சரிசெய்வது? ஏர் பாக்ஸில் திறந்து கிடக்கும் துவாரம் வழியாக ஃபில்டரைத் தாண்டித் தூசியும் உள்ளே போகலாம்.

துடைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வது

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் சுத்தம். ஏர் பாக்ஸை நூல் உதிராத துணியால் துடைத்து, டிரெயின் டியூப்பை வடித்து, மூடியைத் திரும்பப் போடுங்கள். பிரீதர் டியூப்பைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டு அலசிக் காயவையுங்கள். ஆயிலில் ஊறிய காகித ஃபில்டரைக் கழுவ முடியாது, புதிதுதான் போட வேண்டும். சில புது காகித ஃபில்டர்கள் தொழிற்சாலையிலேயே ஆயில் பூசி வரும். தொட்டால் பிசுபிசுக்கும், அது கசிவு இல்லை, காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது. ஃபோம் ஃபில்டரைச் சோப்பு நீரில் அழுத்திப் பிழியுங்கள், துணி மாதிரி முறுக்கினால் கிழிந்துவிடும். முழுதாகக் காய்ந்தபின் ஃபில்டர் ஆயில் விட்டு, மிச்சத்தை அழுத்தி எடுத்துவிடுங்கள்.

ஏர் பாக்ஸிலிருந்து காற்று இன்ஜினுக்குப் போகும் த்ராட்டில் பாடி வாயிலும் ஆயில் படலம் இருக்கும். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், உள்ளே காற்றைத் திறந்து மூடும் தகட்டை (பட்டர்ஃப்ளை) விரலால் தள்ளித் திறக்க வேண்டாம். பிளக்கைப் புதிதாகப் போடுங்கள், ஆயிலில் ஊறியது எப்படித் துடைத்தாலும் முழுதாகத் தேறாது. சிலிண்டருக்குள் ஆயில் போயிருக்கும் என்று தோன்றினால், பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்து, துவாரத்தைத் துணியால் மூடி, இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடியுங்கள். உள்ளே இருப்பது துணிக்கு வந்துவிடும்.

வண்டியைத் திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய இடத்தில் புகை ஆபத்து. முதலில் நீலமாகவோ வெள்ளையாகவோ நிறையப் புகை வரும். சைலன்ஸரில் தங்கிய ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறைந்துவிட வேண்டும். ஓடும்போது மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்டினால் சார்ஜிங் சரி.

அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவை மறுபடி பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் டிரெயின் டியூப்பை ஒரு வெள்ளைத் துணியின் மேல் திறந்து, எத்தனை துளி விழுகிறது என்று பார்த்து அதே தாளில் எழுதுங்கள். நண்பரின் வண்டியில் மூன்று துளி விழுந்தது.